கல்லூரியில் கறுப்பின வரலாற்று நாள்: எப்படி நடத்துவது?

கேள்வி (முதுகலை வரலாறு மாணவி, வியாசர்பாடி)

அனைவருக்கும் வணக்கம். வடசென்னையில் உள்ள எங்கள் கல்லூரியின் வரலாற்று மன்றம், வரும் பிப்ரவரியில் கறுப்பின மக்களின் வரலாற்றையும் பண்பாட்டையும் போற்றும் ஒருநாள் நிகழ்ச்சியை நடத்த விரும்புகிறது. அமெரிக்காவில் பிப்ரவரியில் கொண்டாடப்படும் 'கறுப்பின வரலாற்று மாதம்' நமக்கு எதற்கு என்று மன்றத்தில் சிலர் கேட்கிறார்கள். நடத்தலாம் என்பவர்களிலும் ஒரு சாரார், மாணவர்கள் முகத்தில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு, இலை தழை கட்டி 'ஆப்பிரிக்க நடனம்' ஆட வேண்டும் என்கிறார்கள். எனக்கு அதில் சற்றும் உடன்பாடில்லை. மறுப்பதோடு நில்லாமல் மாற்றாக எதை வைப்பது என்று பெரியவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1 (ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர், பெரம்பூர்)

அன்புள்ள மாணவிக்கு, சாயம் பூசும் யோசனையை இன்றே கைவிடச் சொல்லுங்கள். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைப் போல மேடையில் நடித்து அவர்களை இழிவுசெய்தார்கள். அந்த இழிவை எதிர்த்து நின்றவர்களின் பெயரால் நடக்கும் நாளில் அதையே செய்வது பெரும் அநீதி.

இந்த விழா அரசாங்கம் கொடுத்த கொடை அன்று. பாடநூல்கள் தம் மக்களின் வரலாற்றை மறைத்ததைக் கண்ட வரலாற்றாசிரியர் கார்ட்டர் ஜி. வுட்சன் 1926 பிப்ரவரியில் ஒரு வாரமாக இதைத் தொடங்கினார். லிங்கனும், அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்து எழுத்தாளராகவும் பேச்சாளராகவும் உயர்ந்த ஃபிரெடரிக் டக்ளசும் பிறந்த நாள்களாகக் கொண்டாடப்பட்டவை அந்த வாரத்தில் வந்ததால் அதைத் தேர்ந்தெடுத்தார். ஒகையோ மாநிலத்தின் கென்ட் பல்கலைக்கழகக் கறுப்பின மாணவர்களும் ஆசிரியர்களும் 1969இல் அதை மாதமாக்க முன்மொழிந்து, 1970இல் கொண்டாடியும் காட்டினார்கள். அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் ஏற்பு 1976இல்தான் வந்தது. மாணவர்கள் முன்னெடுத்த விழாவை மாணவர்கள் நடத்துவதில் அந்நியம் எதுவும் இல்லை.

நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. அது பெருமைக்குரிய பங்கு அன்று. புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக 1687 முதல் 1692 வரை இருந்த எலிஹு யேலின் காலத்தில் இந்தக் கரையிலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டார்கள். அவர் பிற்காலத்தில் அனுப்பிய பொருள்களுக்கு நன்றியாகத்தான் 1718இல் அமெரிக்கக் கல்லூரி ஒன்று அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. அடிமைமுறையோடு தனக்கிருந்த தொடர்புகளுக்காக யேல் பல்கலைக்கழகம் 2024இல் முறையாக மன்னிப்புக் கேட்டது. சிறுவயதில் இறந்த அவருடைய மகனின் கல்லறை, உயர் நீதிமன்றத்தை அடுத்த பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் எழுப்பப்பட்டது. உங்கள் மாணவர்களை அந்தப் பகுதிக்கு அழைத்துச் சென்று இந்தக் கதையைச் சொல்லுங்கள். அதன்பிறகு 'நமக்கு எதற்கு' என்று கேட்பவர்கள் இருந்தால் நான் வந்து பேசுகிறேன்.

பதில் 2 (துணி வணிகர், பழைய வண்ணாரப்பேட்டை)

ஐயா சொன்னதோடு துணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அம்மா. எங்கள் பேட்டை கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் துணி வெளுத்தவர்கள் குடியிருந்து உருவான பேட்டை. இந்தியாவில் நெய்த பருத்தித் துணிகள் ஐரோப்பா சென்று, அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய், மனிதர்களை விலைக்கு வாங்கும் பண்டமாயின. அந்த வணிகம் ஒழிந்த பின்னும் நம் கட்டம்போட்ட துணிக்கு அங்கே மதிப்புக் குறையவில்லை. நைஜீரியாவின் கழிமுகப் பகுதியில் வாழும் கலபாரி மக்கள் அதை 'இஞ்சிரி' என்று அழைத்து, பிறப்பு முதல் இறப்பு வரையிலான சடங்குகளில் உடுத்துகிறார்கள். அதன் நூல்களை நுட்பமாக அறுத்தெடுத்துத் தங்களுக்கே உரிய கோலங்களையும் அதில் உண்டாக்குகிறார்கள். இலை தழைக்குப் பதிலாக இந்தத் துணியைக் காட்சிக்கு வையுங்கள்.

மாணவி

மிக்க நன்றி, ஐயா. கண்காட்சியை இந்தத் துணியிலிருந்தே தொடங்கலாம் என்று தோன்றுகிறது. மேடையில் யாரைப் பற்றிப் பேசுவது?

பதில் 3 (குத்துச்சண்டைப் பயிற்சியாளர், இராயபுரம்)

முகம்மது அலியைப் பற்றிப் பேசுங்கள். அவர் 1980இல் சென்னை நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டி ஆடியதை இங்குள்ள பழைய வீரர்கள் இன்றும் சொல்வார்கள். ஆனால் அதைவிடப் பெரிய செய்தி ஒன்றுண்டு. 1967இல் வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்ததற்காக அவருடைய பட்டம் பறிக்கப்பட்டது. களத்தில் இறங்க முடியாத அந்த ஆண்டுகளில் அவர் கல்லூரி கல்லூரியாகச் சென்று மாணவர்களிடம் பேசினார். என் பிள்ளைகளுக்கு அவருடைய குத்துகளைக் கற்றுத்தருவதற்கு முன் இதைத்தான் சொல்கிறேன்.

பதில் 4 (ஆய்வு மாணவர், தண்டையார்பேட்டை)

மாணவர்களின் போராட்டமே மேடையின் நடுவில் இருக்கட்டும். 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் கறுப்பினக் கல்லூரியின் முதலாண்டு மாணவர்கள் நால்வர், வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறிய உணவு மேசையில் அமர்ந்து காப்பி கேட்டார்கள், மறுக்கப்பட்டும் எழவில்லை. சில வாரங்களில் அந்தப் போராட்டம் தென்மாநிலங்களின் பல கல்லூரிகளுக்குப் பரவியது, ஜூலையில் அந்த மேசை எல்லோருக்கும் திறந்தது. தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வைத்த தமிழ்நாட்டில் இதற்குத் தனி விளக்கம் தேவைப்படாது.

ஒப்பிடுவதில் மட்டும் கவனம் வேண்டும். நிறவெறியும் சாதியும் ஒன்றே என்று சொல்லிவிட்டால் இரண்டின் தனித்தன்மையும் கெட்டுவிடும். ஆனால் உறவு உண்டு. மராட்டியச் சாதி எதிர்ப்புச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலே 1873இல் தம் 'குலாம்கிரி' (அடிமைத்தனம்) நூலை, நீக்ரோ அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946இல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்சுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்த மனுவின் படியைக் கேட்டார். டு பாய்ஸ் பரிவோடு பதில் எழுதினார். இவ்விரு கடிதங்களையும் தமிழாக்கி மாணவர்கள் மேடையில் வாசிக்கலாம்.

சென்னையில் படிக்கும் ஆப்பிரிக்க மாணவர்களை அழைப்பதானால் திட்டமிடும் கூட்டத்துக்கே அழையுங்கள். நிகழ்ச்சியன்று மட்டும் வரவழைத்து ஆடச் சொல்லாதீர்கள். பேச விரும்புகிறார்களா, பாட விரும்புகிறார்களா, வெறுமனே வந்து அமர விரும்புகிறார்களா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். அவர்களுடைய தேர்வு அட்டவணையைக் கேட்டறிந்த பிறகு தேதியைக் குறியுங்கள்.