தளக் கான்கிரீட் அன்று சைட்டில் எப்படிச் சொன்னால் வேலை சரியாக நடக்கும்? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்க

கோவை சைட்
நான் ஆரம்பிக்கிறேன். தளம் போடுற அன்னைக்கு சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்குற ஷீட்டும் முட்டும்), கம்பி, எலக்ட்ரீஷியன், பிளம்பர், கான்கிரீட் ஆட்கள்னு அஞ்சு குழு நிக்கும். அஞ்சுக்கும் தனித்தனி மேஸ்திரி. வேலை தெரியாம கெடுறதைவிட, சொன்னது ஒண்ணு போய்ச் சேர்ந்தது ஒண்ணுன்னு கெடுறதுதான் அதிகம். அதுல முதல் குற்றவாளி "கொஞ்சம்" என்ற சொல்.

"தண்ணி கொஞ்சம் குறைச்சு விடு"ன்னா எவ்வளவு? 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர்னா தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.50. அஞ்சு லிட்டர் கூடினா 0.60. மழையும் உப்புக்காத்தும் படாத இடத்துக்கே ஐஎஸ் 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி) விடுற உச்சம் 0.55தான். மிஷின் ஓட்டுறவருக்கு இந்த விகிதமெல்லாம் தெரிய வேண்டாம். 20 லிட்டர் பெயிண்ட் வாளியில 12.5 லிட்டர் அளந்து ஊத்தி, அந்த மட்டத்துல சிவப்புக் கோடு. மூட்டைக்கு ரெண்டு வாளி, கோடு வரைக்கும். முடிஞ்சது.

முந்தின ராத்திரி மழை பெஞ்சு மணல்ல 5% ஈரம் இருந்தா, ஒரு மூட்டைக்குப் போற மணலே 4 லிட்டர் தண்ணியைக் கொண்டுவந்துடும். அன்னைக்குக் கோட்டை 10.5க்கு இறக்கணும். பழைய கோட்டை மறக்காம அழிங்க. ரெண்டு கோடு இருந்தா, சாப்பாட்டுக்கு அப்புறம் மிஷினுக்கு மாறி வர்ற ஆள் எந்தக் கோடுன்னு கேக்க மாட்டாரு, மேல் கோட்டைத்தான் பிடிப்பாரு.

கம்பி காண்ட்ராக்ட்
எங்க பக்கம் தகராறே அளவுலதான். டிராயிங்ல மில்லிமீட்டர், நம்ம ஊர் ஆளுக்கு இஞ்ச்–நூல், வடக்கே இருந்து வந்த பசங்களுக்கு சூத். நூலும் சூத்தும் ஒண்ணுதான், இஞ்சுல எட்டில் ஒரு பங்கு. 8 மி.மீ. கம்பி ரெண்டரை சூத், 10 மி.மீ. மூணு, 12 மி.மீ. நாலு. "எட்டை ஆறுல கட்டு"ன்னு மேல இருந்து கத்தினா, கம்பி எது இடைவெளி எதுன்னு கேக்கிறவன் எப்படிப் பிரிப்பான்? "ரெண்டரை சூத் கம்பி, ஆறு இஞ்ச் இடைவெளி"ன்னு பொருளோட சேர்த்துச் சொல்லணும். அதைவிட நல்லது, 150 மி.மீ.க்கு ஒரு குச்சி, 125 மி.மீ.க்கு வேற கலர் அடிச்ச குச்சி வெட்டிக் கொடுத்து, முதல் அஞ்சு கம்பிக்கு ஷீட்டு மேல சாக்பீஸ் கோடு போட்டுக் காட்டுறது. கம்பியின் நடுவுல இருந்து நடுவுக்கு அளக்கணும்னு அப்பவே சொல்லிடுங்க.

ஸ்ட்ரக்சுரல்
அளவு மட்டும் போதாது, சில இடத்தில் காரணத்தையும் சொல்லியே ஆக வேண்டும். பால்கனியை எடுத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் நடுத் தளத்தில் முக்கியக் கம்பி அடியில். பால்கனியிலும் சன்ஷேடிலும் மேலே. கம்பி கட்டியவருக்கு இது தெரியும். மறுநாள் சட்டியோடு ஏறும் கான்கிரீட் ஆளுக்கு யார் சொன்னது? அவருக்கு அது மிதித்து நடக்கும் வலைதான்.

கணக்கு எளிது. 120 மி.மீ. தளம், மேலே 20 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்), 10 மி.மீ. கம்பி என்றால் கம்பியின் நடு, அடியிலிருந்து 95 மி.மீ. உயரத்தில் இருக்கும். மிதிபட்டு 40 மி.மீ. இறங்கினால் மிச்சம் 55. தாங்கும் திறன் கிட்டத்தட்ட பாதிக்கு வந்துவிடும். மேலே இருந்து பார்த்தால் பூச்சு வழவழவென்றுதான் இருக்கும், ஒன்றும் தெரியாது. சென்ட்ரிங் பிரித்தபின் சுவரை ஒட்டிய வேர்ப்பக்கம் மேலே குறுக்கு விரிசல் விடும்போதுதான் தெரியும்.

மீட்டருக்கு ஒரு சேர் கம்பி (மேல் கம்பியைத் தாங்கி நிற்கும் வளைத்த கம்பி), நடக்கப் பலகை, இரண்டும் வேண்டும். ஆனால் "கம்பியை மிதிக்காதே" என்று சொன்னால் பத்து நிமிஷம்தான் நிற்கும். "இந்தக் கம்பிதான் பால்கனியைப் பின்னாடி இழுத்துப் பிடிக்குது, இது இறங்கினா பால்கனி இறங்கும்" என்று கம்பியைக் கையால் தூக்கிக் காட்டிச் சொன்னால், மிதிக்கிற ஆளைப் பக்கத்து ஆளே அதட்டுவார்.

ஓய்வு பெற்ற சூப்பர்வைசர்
"புரிஞ்சுதா?"ன்னு மட்டும் கேக்காதீங்க தம்பி. "சரிங்க சார்"னு மண்டைய ஆட்டிடுவாங்க. தமிழ் தெரியாத பசங்க இன்னும் வேகமா ஆட்டுவாங்க. "மூட்டைக்கு எத்தனை வாளி?"ன்னு கேளுங்க. விரலைக் காட்டியாவது பதில் வரணும். அப்புறம், "யாராவது போய்ப் பாருங்கப்பா"ன்னா யாரும் போக மாட்டாங்க. பேரைச் சொல்லி அனுப்புங்க.

பம்ப் லைன்
ரெடிமிக்ஸ் (பிளான்ட்லயே கலந்து வண்டியில வர்ற கான்கிரீட்) வர்ற சைட்ல இன்னொரு ஆபத்து. பம்ப் கீழே, ஹோஸ் மேலே, நடுவுல சத்தம். வாயால கத்தி ஒண்ணும் கேக்காது. ஓடு, நிறுத்து, மெதுவா, மூணுக்கும் கைசாடை முன்னாடியே பேசி வைக்கணும். ஓட்டச் சொல்ற அதிகாரம் ஒரே ஆளுக்கு. நிறுத்தச் சொல்ல மட்டும் சித்தாள் வரைக்கும் யாருக்கும் உரிமை உண்டு. அடைப்பு எடுத்துட்டு மறுபடி ஓட்டும்போது லைன்ல காத்து இருந்தா ஹோஸ் நுனி சாட்டை மாதிரி வீசும். மேலே எல்லாரும் விலகியாச்சுன்னு சாடை வராம பட்டனைத் தொடக் கூடாது.

வண்டி டிரைவர்கிட்ட "தண்ணி அடி"ன்னு மட்டம் இழுக்கிறவர் நேரா சொல்றதும் நிக்கணும். பிளான்ட்ல ஏத்தின நேரம் சலான்ல இருக்கும். பொதுவா அதுல இருந்து 2 மணி நேரத்துக்குள்ள இறக்கணும். அந்த நேரத்தை மேலே இருக்கிற மேஸ்திரிக்கும் சொல்லிட்டா, லேட்டான வண்டியைத் திருப்பி அனுப்பும்போது சண்டை வராது.

கோவை சைட்
எலக்ட்ரீஷியனை விட்டுட்டோம். கான்கிரீட் எத்தனை மணிக்குன்னு முந்தின நாளே அவருக்குச் சொல்லலேன்னா, ஃபேன் பாக்ஸுக்குத் தளத்தை உளி வைச்சுக் கொத்துவாரு.

குவாலிட்டி
போட்டு முடித்த பிறகும் ஒரு செய்தி பாக்கி இருக்கிறது. சென்ட்ரிங்காரருக்கு அடுத்த சைட்டுக்கு ஷீட் வேண்டும், அவசரப்படுவார். இன்ஜினியர் இல்லாத நாளில் "பிரிக்கலாமா?" என்று வாட்ச்மேனைக் கேட்பார், அவரும் பிரிக்கச் சொல்லிவிடுவார். ஓபிசி (சாதாரண போர்ட்லேண்ட்) சிமென்டில், 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். 6 மீட்டர் வரை பீமுக்கு 14, அதைத் தாண்டினால் 21. பிபிசி (சாம்பல் கலந்த சிமென்ட்) என்றால் இன்னும் கூட்டணும். இதை யாரிடமும் வாயால் சொல்லி விடாமல், போட்ட தேதி, பிரிக்கிற தேதி இரண்டையும் ஒவ்வொரு அறையிலும் முட்டு மேலேயே பெயிண்டில் எழுதி, பால்கனி முட்டுக்கு மட்டும் சிவப்புப் பட்டை அடியுங்கள். சிவப்பை எடுக்கும்போது வெளி நுனியிலிருந்து சுவர்ப் பக்கமாகத்தான் எடுக்கணும் என்று சென்ட்ரிங் மேஸ்திரியே திருப்பிச் சொல்லும் வரை பிரிக்க விடாதீர்கள்.