மறு: ஷண்டிங்குக்கு ஒரு தமிழ்ச் சொல் – ‘தடமாற்றம்’ ஏன் போதவில்லை

அன்புள்ள நண்பர்களுக்கு,

மாதிரி ரயில் கட்டுவது பற்றி ஒரு சிறு கையேடு எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். முதல் மூன்று அதிகாரங்கள் சிக்கலில்லாமல் ஓடின. நான்காவதில் வண்டி நின்றுவிட்டது. காரணம் ஒரே ஒரு சொல்: ஷண்டிங். இஞ்சினை முன்னும் பின்னும் ஓட்டி, பெட்டிகளைப் பிரித்து, சேர்த்து, இடம் மாற்றி நிறுத்துகிற வேலை. போன வாரம் இங்கே கேட்டதற்கு நிறையப் பரிந்துரைகள் வந்தன. எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதற்குப் பெயர் தேடுகிறோம் என்பதில் சிலருக்குக் குழப்பம் இருப்பதாகத் தெரிகிறது. மாதிரி ரயில் என்றதும் வட்டமாகச் சுற்றி வரும் வண்டிதான் கண்ணில் நிற்கும். இது அப்படியில்லை. ஒரு பலகை, நாலடி நீளம், ஓரடி அகலம். அதில் இரண்டு பாயிண்ட் (வண்டியை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் இடம்), மூன்று சைடிங் (பெட்டிகளை நிறுத்தும் பக்கத்தடம்), ஒரு குட்டி இஞ்சின், எட்டு சரக்குப் பெட்டிகள். வண்டி எங்கேயும் போகாது. முன்னே, பின்னே, முன்னே, பின்னே, அவ்வளவுதான். ஆனால் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

இந்த அமைப்பை உருவாக்கியவர் ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர். அவர் வைத்த பெயர் ‘இங்கிள்நுக் சைடிங்ஸ்’. நீளமான சைடிங்கில் ஐந்து பெட்டி நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. மூன்றும் சேரும் இடத்துக்கு வெளியே இஞ்சினும் மூன்று பெட்டிகளும் மட்டுமே பிடிக்கும் அளவுக்கு ஒரு முட்டுத்தடம். எட்டுப் பெட்டிக்கும் எட்டுச் சீட்டு எழுதிக் குலுக்கி, ஐந்தை எடுக்க வேண்டும். சீட்டு வந்த அதே வரிசையில் அந்த ஐந்து பெட்டிகளும் நீளமான சைடிங்கில் வந்து நிற்க வேண்டும். இதுதான் ஆட்டம். எட்டில் ஐந்தை வரிசையோடு எடுக்க 8×7×6×5×4, அதாவது 6720 வழிகள். ஆகவே நேற்று ஆடியது இன்று திரும்ப வருமோ என்ற கவலை வேண்டாம்.

இனி பரிந்துரைகள்.

> ‘தடமாற்றம்’ என்று ஏற்கெனவே ஒரு சொல் புழங்குகிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமே?

நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். இரண்டு பத்தி தாண்டுவதற்குள் உதைத்தது. விரைவு வண்டி ஒன்று சந்திப்புக்குள் நுழையும்போது நாலைந்து முறை தடம் மாறுகிறது. அதை யாரும் ஷண்டிங் என்று சொல்வதில்லை. மறுபக்கம் பாருங்கள்: என் பலகையில் ஒரு பெட்டி ஐந்தாம் தடவையாக வெளியே போய், சுற்றிவிட்டு, புறப்பட்ட அதே சைடிங்குக்கே திரும்பி வரும். தடம் மாறவில்லை, வரிசையில் அதன் இடம்தான் மாறியிருக்கிறது. தடம் மாறுவது இந்த வேலையின் வழி. வேலை வேறு.

> மாற்றடுக்கு. மாற்றி அடுக்குவதால்.

அழகான சொல், காதுக்கும் இதமாக இருக்கிறது. ஆனால் ‘அடுக்கு’ என்றதும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்காருகிறது, பாத்திர அடுக்கு, அடுக்குமாடி மாதிரி. மாதிரி ரயில்காரர்கள் உண்மையிலேயே ஒரு தளத்துக்கு மேல் இன்னொரு தளம் கட்டுகிறார்கள். அதற்கு நாளைக்கே ‘அடுக்குத் தளம்’ என்று பெயர் வைக்க வேண்டி வரும். அதற்காக இதை ஒதுக்கி வைப்போம்.

> பெட்டிக்கோப்பு. ‘கோத்தல்’ என்ற வினையிலிருந்து.

இதைப் பார்த்தவுடன் துள்ளினேன். கைகோத்தல், மணி கோத்தல், வரிசை, பிணைப்பு எல்லாம் அதில் இருக்கிறது. சொல்லைத் திரையில் தட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அலுவலக அலமாரியில் இருக்கும் அட்டைக் கோப்பு மாதிரித் தெரிகிறது! ‘கோப்பு’ கணினிக்கும் அலுவலகத்துக்கும் போய்விட்டது, இனி மீட்க முடியாது. ‘கோவை’ என்று வைக்கலாமா என்றால், ரயிலோடு சேர்த்துச் சொன்னதும் எல்லோருக்கும் ஊர்ப் பெயர்தான் கேட்கும். ‘கோர்வை’யா ‘கோவை’யா என்ற பழைய சண்டையை வேறு இங்கே இழுத்துவிட வேண்டாம்.

சரி, என் முன்மொழிவு: தொடுத்தல். பெட்டி தொடுத்தல்.

மணி கோப்பதற்கும் பூ தொடுப்பதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. கோக்கும்போது எல்லா மணிக்குள்ளும் ஒரே நூல் புகுந்து வெளியே வருகிறது. தொடுக்கும்போது கண்ணிக்குக் கண்ணி முடிச்சுப் போட்டு, ஒன்றை அடுத்ததோடு சேர்த்துக்கொண்டே போகிறோம். சரக்கு வண்டியில் எல்லாப் பெட்டிக்கும் பொதுவாக ஓடும் கயிறு கிடையாது. ஒவ்வொன்றும் முன்னால் இருப்பதன் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அப்படியென்றால் இது கோத்தல் இல்லை, தொடுத்தல்தான். இந்தப் பூவுக்குப் பக்கத்தில் எந்தப் பூ என்று தேர்ந்து வைப்பதும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. போதாததற்கு, ரயிலுக்கு நாம் ஏற்றுக்கொண்ட ‘தொடர்வண்டி’யில் இருக்கும் தொடரும் இதன் உறவுதான். தொடுப்பதால் தொடர்.

எனவே பலகைக்குத் தொடுகளம். ஆடுகளம் போல வினைத்தொகை. தளம் என்று போடவில்லை, ‘தளம்’ இணையத்துக்குப் போய்விட்டது. களம் என்றால் கொட்டிப் பிரித்துச் சேர்க்கிற இடம் என்ற நினைப்பும் வரும்.

ஒரு எச்சரிக்கை: தயவுசெய்து யாரும் ‘தொடுப்பு’ என்று பெயர்ச்சொல்லாக்கிவிடாதீர்கள். பேச்சு வழக்கில் அதற்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த வெளித்தடத்துக்கு, இஞ்சினும் மூன்று பெட்டியும் மட்டும் பிடிக்கிறதே அதற்கு, இழுதடம் என்று போட்டிருக்கிறேன். சைடிங்கிலிருந்து பெட்டிகளை அதற்குள் இழுத்துக்கொண்டுதான் பாயிண்டைத் திருப்ப முடியும். இதன் அளவில் கவனமாக இருங்கள். நான் முதலில் கட்டியபோது கையிலிருந்த குட்டி இஞ்சினை வைத்து அளந்து வெட்டினேன். பிறகு ஆசைப்பட்டு இரண்டு சென்டிமீட்டர் நீளமான இஞ்சின் ஒன்றை வாங்கினேன். இழுதடத்தில் போய் முட்டி நின்றால் மூன்றாவது பெட்டியின் கடைசிச் சக்கரம் பாயிண்டின் நகரும் நாக்கு மேலேயே நிற்கிறது. திருப்ப முடியவில்லை. ஆட்டமே முடிந்துபோனது. பலகையின் ஓரத்தில் ஒரு துண்டு மரத்தை ஒட்டி நீட்டிய பிறகுதான் சரியானது. அதற்காகத் தாராளமாக நீட்டியும் விடாதீர்கள், நான்காவது பெட்டிக்கு இடம் கிடைத்தால் புதிர் சப்பென்று ஆகிவிடும்.

மாட்டல், கழற்றல் இரண்டுக்கும் புதுச் சொல் தேடவே இல்லை. ‘இஞ்சின் மாட்டுகிறார்கள்’, ‘பெட்டியைக் கழற்றிவிட்டார்கள்’ என்றுதான் ரயிலில் போகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். ஆளைக் கழற்றிவிடுவதும்கூட அந்த வேலையோடுதான் ஒத்துப்போகிறது.

அன்புடன்

———

வணக்கம் ஐயா,

தொடுத்தலுக்கும் கோத்தலுக்கும் நீங்கள் காட்டிய வேறுபாட்டை மிகவும் ரசித்தேன். ஆனால் உங்கள் சொல் உங்கள் பலகைக்கு மட்டும்தான் பொருந்துகிறது என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜான் ஆலன் என்ற அமெரிக்கர் ‘டைம்சேவர்’ என்ற அமைப்பை 1972-இல் ‘மாடல் ரெயில்ரோடர்’ இதழில் வெளியிட்டார். ஐந்து பாயிண்ட், நடுவில் இஞ்சின் பெட்டிகளின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் சுற்றி வருவதற்கு ஒரு இணைத்தடம். அங்கே யாரும் வரிசையாகத் தொடுப்பதில்லை. இந்தப் பெட்டி அந்தக் கிடங்கு வாசலுக்கு, அந்தப் பெட்டி இந்தத் தொழிற்சாலை வாசலுக்கு என்று ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் விட வேண்டும், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. அதுவும் ஷண்டிங்தானே? அதை எப்படித் ‘தொடுத்தல்’ என்று சொல்வது? அங்கே பூச்சரத்தை அவிழ்த்து வீட்டுக்கு வீடு பூ கொடுக்கிற வேலையல்லவா நடக்கிறது!

சரக்குப் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் பெரிய யார்டுகளிலும் அப்படித்தான். மேட்டின் மேல் தள்ளி, ஒவ்வொரு பெட்டியாகக் கழற்றி, சரிவில் தானாக உருள விடுகிறார்கள். அந்த வேலையில் பாதி பிரிப்பதுதான். அதை விட்டுவிட்டுச் சேர்ப்பதற்கு மட்டும் பெயர் வைக்கலாமா?

இன்னொன்று. ‘தொடுகளம்’ என்று படித்தவுடன் விரலால் தொடுகிற ஏதோ கருவி என்று நினைத்தேன். தொடுதிரைதான் காரணம். இளைஞர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

என் யோசனை: ஷண்டிங்கை ஷண்டிங் என்றே விட்டுவிடுங்கள். ரயில் வேலை பார்க்கிறவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

———

வணக்கம்.

வீட்டுக்கு வீடு பூ கொடுக்கிற உவமைக்கு என்னிடம் பதில் இல்லை. நேற்று இரவு டைம்சேவர் படத்தை வரைந்து வைத்துக்கொண்டு அரைமணி நேரம் யோசித்துப் பார்த்தேன். நீங்கள் சொல்வதுதான் சரி. நான் ஒரு வகைக்கான சொல்லை எடுத்துக்கொண்டு அதற்குமேல் இருக்கும் பொதுச் சொல்லின் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறேன்.

ஆகவே இப்படி மாற்றுகிறேன். பொதுச் சொல்லாக ஷண்டிங் இருக்கட்டும். இதில் எனக்கு வருத்தம் இல்லை. பாயிண்டையும் சைடிங்கையும் அப்படியே வைத்துக்கொண்டு இதற்கு மட்டும் வேட்டி கட்டிவிடுவதில் ஒரு நியாயமும் இல்லை. ஆனால் கையேட்டில் இரண்டு வகை ஆட்டத்தையும் பிரித்துக் காட்டியே ஆக வேண்டும், ஏனென்றால் கட்டும்போதே இரண்டும் வேறு வேறு. இங்கிள்நுக்கில் தட நீளத்தின் கணக்குத்தான் புதிர். டைம்சேவரில் தடத்தின் வடிவமும் பெட்டி விட வேண்டிய இடமும் புதிர். அதனால் முதலாவதற்குத் தொடுபுதிர், இரண்டாவதற்கு இடஞ்சேர்புதிர். களத்தைக் கைவிட்டேன், புதிர் என்று வந்ததும் விரலால் தொடுகிற எண்ணம் ஓரளவு விலகுகிறது என்று தோன்றுகிறது. உங்களுக்கு எப்படிக் கேட்கிறது?

இங்கிள்நுக்கையே மொழிபெயர்க்கலாம் என்று தனிமடலில் ஒருவர் எழுதியிருந்தார். கணப்படுப்பு ஓரத்து மூலை என்பதுதான் அதன் பொருள். ‘அடுப்பங்கரைச் சைடிங்’ என்று எழுதினால் படிக்கிறவர் பலகையை எங்கே கொண்டுபோய் வைப்பார் என்று யோசியுங்கள். அது ஒரு அமைப்புக்கு இட்ட பெயர், அப்படியே இருக்கட்டும்.

மற்ற சொற்களில் ஒன்றைப் பற்றி மட்டும் கேட்க வேண்டும். பாயிண்டில் இரண்டு தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் முனை இருக்கிறதே, ஆங்கிலத்தில் அதற்குத் தவளையின் பெயர். குதிரைக் குளம்பின் அடியில் இருக்கும் முக்கோணப் பகுதிக்கும் அங்கே அதே பெயர்தான். நமக்கு அந்தத் தவளை வேண்டாம். அதில் மின்சாரம் ஓடும் வகை (ஆங்கிலத்தில் ‘லைவ்’), ஓடாத வகை என்று இரண்டு உண்டு. மொழிபெயர்ப்பில் ‘உயிருள்ள தவளையைப் பயன்படுத்தவும்’ என்று வந்து நிற்கும்.

இந்த வேறுபாடு ஷண்டிங் பலகையில்தான் உயிர்நாடி. இங்கே வண்டி எப்போதும் ஊர்ந்துதான் போகும். குட்டி இஞ்சினுக்குச் சக்கரமும் கிட்டக்கிட்ட இருக்கும். பிளாஸ்டிக் முனையின் மேல் மெதுவாக ஏறினால் மின்சாரம் எடுக்கும் சக்கரங்கள் அந்தரத்தில் நிற்பது போல ஆகி, வண்டி அங்கேயே நின்றுவிடும். பிறகு விரலால் தள்ளிவிட வேண்டும். நானும் முதல் பலகையில் தள்ளிக்கொண்டேதான் இருந்தேன், அப்போது அதுவே தொடுகளமாகத்தான் இருந்தது! முனை உலோகத்தில் இருந்தால் நிற்காது. ஆனால் இரண்டு தண்டவாளத்திலும் எதிரெதிர் மின்முனை ஓடுவதால், பாயிண்ட் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கத்துக்கு ஏற்ப முனையும் மாற வேண்டும். மாறாவிட்டால் குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்). பாயிண்ட் மோட்டாரோடு ஒரு சின்ன சுவிட்சைச் சேர்த்தால் அது தானாகவே மாறிக்கொள்ளும்.

இதற்கு வெட்டுமுனை என்று எழுதியிருக்கிறேன். மின் வெட்டுமுனை, மின்னிலா வெட்டுமுனை. எழுதி முடித்த பிறகுதான் கண்ணில் பட்டது: ‘மின்வெட்டு முனை’ என்றும் படிக்கலாம். மின்சாரம் ஓடுகிற முனைக்கு மின்வெட்டு என்று பெயர்!

———

ஐயா,

தொடுபுதிர் நன்றாக இருக்கிறது, ஆட்சேபணை இல்லை. இடஞ்சேர்புதிர் கொஞ்சம் வாயில் சுற்றுகிறது, ஆனால் பொருள் உடனே புரிகிறது. இழுதடமும் சரி.

வெட்டுமுனையில் வெட்டை எடுத்துவிடுங்கள். ‘குறுக்குமுனை’ என்று வைத்தால் மின்குறுக்குமுனை, மின்னிலாக் குறுக்குமுனை என்று போகலாம், யாரும் மின்வெட்டு என்று படிக்க மாட்டார்கள். நீங்கள் சொன்ன குறுக்குச்சுற்றும் சரியாக அந்த இடத்தில்தான் நடக்கிறது.

அப்புறம், அந்த நீளமான இஞ்சினுக்காகப் பலகையில் ஒட்டிய துண்டு மரம் எத்தனை சென்டிமீட்டர்? நான் பலகையை இன்னும் வெட்டவில்லை.

———

மூன்று. இஞ்சினை முட்டவிட்டு, மூன்று பெட்டியையும் மாட்டி, கொக்கிகளை இழுத்து விறைப்பாக வைத்து அளந்துகொள்ளுங்கள். தளர்வாக வைத்து அளந்தால் இழுக்கும்போது நீண்டுவிடும். குறுக்குமுனை என்றே போட்டுவிடுகிறேன்.