லேத்தில் 360 டிகிரி கோடு: ஸ்டீல் டேப் போதுமா, டிவைடிங் ஹெட் வேணுமா?

அம்பத்தூர் பட்டறை:
பழைய லேத்துல (கடைசல் மிஷின்) காம்பவுண்ட் ஸ்லைடு, அதாவது கோணம் பார்த்துத் திருப்பி வைக்கிற டூல் மேடை, அதோட வளையத்துல டிகிரி கோடெல்லாம் தேஞ்சு போச்சு. புதுசு கடைஞ்சு, லேத்துலயே கோடும் போட்டேன். சக்குல, அதாவது பொருளைப் பிடிச்சுச் சுத்துற தாடையில, ஒரு டிரம். 360-ஐ 3.1416-ஆல வகுத்தா 114.59; அந்த விட்டத்துல டேப்பைச் சுத்தினா 1 மி.மீ.க்கு 1 டிகிரி. டேப் தடிமன் 0.2 இருந்துச்சு, அதைக் கழிச்சு 114.39-க்குக் கடைஞ்சேன். 0-வும் 360-ம் அச்சா சேர்ந்துச்சு. அதே பிடியில முன்னாடி ஒரு படி கடைஞ்சு வளையத்தை ஏத்தினேன். மோட்டாரை நிறுத்தி, சக்கைச் சுத்துற ஸ்பிண்டிலைக் கையால திருப்பி, டேப் கோட்டை ஒரு முள்ளுக்கு நேரா நிறுத்தி, டூலைப் படுக்க வச்சு, அதைத் தாங்குற கேரேஜை நகர்த்திக் கீறினேன். வட்டத்தைச் சம பாகமாப் பிரிக்கிற டிவைடிங் ஹெட் தேவையே இல்ல.

கிண்டி டர்னர்:
தேவை சார். டேப் கோட்டை முள்ளோட கண்ணால பொருத்துறீங்க. 0.1 மி.மீ. தள்ளினா 6 மினிட் பிழை (60 மினிட் 1 டிகிரி). ஹெட்ல கைப்பிடி 40 சுத்துக்கு மாட்டின பொருள் ஒரு சுத்து, அதாவது கைப்பிடி ஒரு சுத்து 9 டிகிரி. கைப்பிடிக்குப் பின்னால இருக்கிற தட்டுல 27 துளை வட்டத்துல 3 துளை நகர்த்தினா சரியா 1 டிகிரி. பின் துளைக்குள்ள விழுது, கண்ணை நம்ப வேண்டியதில்ல.

அம்பத்தூர் பட்டறை:
ஆனா வளையத்தைக் கழட்டி மில்லிங் மிஷினுக்குக் கொண்டு போகணுமே? வளையத்தோட ஆரம் 57 மி.மீ. அங்க மாட்டும்போது சென்டர் 0.05 விலகினாலே 3 மினிட் போச்சு. என் முறையில கடைஞ்ச பிடியை விடவே இல்ல.

பெரம்பூர் ஃபிட்டர்:
6 மினிட்டைச் சின்னதா நினைக்காதீங்க. டிரில்லோட ஷாங்க், அதாவது கூம்பு வால், மோர்ஸ் 2 டேப்பர் அளவுல கடையும்போது ஸ்லைடு கோணம் அவ்வளவு தப்பினா 60 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 0.2 மாறிடும். அதை மாட்டுற ஸ்லீவ்ல பிடிக்கவே பிடிக்காது, டிரில் சுத்திக்கிட்டு நிக்கும். அப்படி ரெண்டு ஷாங்க் வீணானதை நேர்ல பார்த்திருக்கேன்.

அம்பத்தூர் பட்டறை:
அண்ணே, மோர்ஸ் டேப்பரை டிகிரி கோட்டை நம்பிக் கடையவே கூடாது. நல்ல ஷாங்கை லேத்தோட ரெண்டு சென்டர் முனைக்கு நடுவுல வச்சு, டயல் கேஜ் முள் அசையாத வரைக்கும் ஸ்லைடைத் திருப்பி வைக்கிறதுதான் முறை. கோடு பக்கத்துல கொண்டு போய் விடும், அவ்வளவுதான் அதோட வேலை.

கிண்டி டர்னர்:
அதை ஒத்துக்கிறேன். ஆனா ரோட்டரி டேபிள் (பொருளைக் கோணம் பார்த்துத் திருப்புற மேஜை) வளையமா இருந்தா கோடுதான் அளவே. அங்க டேப் ஆகாது. ஞாயித்துக்கிழமை வளையத்தை எடுத்துட்டு வாங்க, டயல் கேஜ் வச்சு சென்டர் பண்ணி என் ஹெட்ல 90, 180, 270-ஐப் பார்த்துடலாம்.

அம்பத்தூர் பட்டறை:
கொண்டு வரேன் சார். 37, 143 மாதிரி நடுக்கோடுகளையும் பார்க்கணும். டேப்பை முனையில சேர்த்துட்டேன். நடுவுல அது எங்கயாவது தளர்ந்திருந்தா அங்கதான் தெரியும்.