புதுப்பிப்பு: நண்பர்களுடன் நகரப் பயணம், பழைய புத்தகக் கடைகள் – எந்த யோசனை பலித்தது

நால்வர் செல்லும் மூன்று நாள் நகரப் பயணத்தில், மற்ற மூவரையும் காக்க வைக்காமல் பழைய புத்தகக் கடைகளைப் பார்ப்பது எப்படி என்றும், என்னிடம் இருக்கும் நூலையே மறுபடி வாங்காமல் தவிர்ப்பது எப்படி என்றும் இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

கடைக்கு அரை மணி நேரம் என வகுத்துக்கொண்டு எல்லோரும் சேர்ந்தே செல்லும் யோசனையை முதல் நாள் பின்பற்றினோம். எனக்கும் நிறைவில்லை, வாசலில் நின்றவர்களுக்கும் நிம்மதியில்லை. காலைப் பொழுதை நான் தனியாகக் கடைகளில் செலவிட்டு, நண்பகலில் குறித்த இடத்தில் அனைவரும் கூடுவது என்ற மற்றொரு யோசனைதான் பலித்தது. மூன்றாம் நாள், அழைக்காமலேயே ஒரு தோழி என்னுடன் வந்தார். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய மகிழ்ச்சி அதுதான்.

என் நூல்களின் ஐ.எஸ்.பி.என். எண்களை (நூலின் ஒவ்வொரு பதிப்புக்கும் தரப்படும் அடையாள எண்) கைப்பேசியில் பட்டியலிட்டுச் சென்றதும் உதவியது, ஆனால் எதிர்பாராத சிக்கல் ஒன்று எழுந்தது. 2007க்கு முந்தைய பதிப்புகளில் பெரும்பாலும் 10 இலக்க எண்ணே அச்சிடப்பட்டிருக்கிறது; என் பட்டியலில் இருந்தவையோ 13 இலக்க எண்கள். முன்னால் 978 சேரும்போது கடைசிச் சரிபார்ப்பு இலக்கமும் பொதுவாக மாறிவிடுவதால், இரண்டுக்கும் பொதுவான 9 இலக்கங்களை மட்டும் தேட வேண்டும். வேறு பதிப்புக்கு வேறு எண் என்பதால் தலைப்பையும் ஒப்பிடுங்கள்; அதைச் செய்யாமல் நான் இரண்டாம் முறை வாங்கிய ஒரு நூல் இப்போது அந்தத் தோழியிடம் இருக்கிறது.