ஏற்காட்டில் ஒரு கிறிஸ்துமஸ் குறும்படம்: காணாமல் போன இயேசு பாலன், கதையில் உள்ள ஓட்டைகள்

கோரிமேடு எழுதியது:

வணக்கம். 25 நிமிடக் குறும்படம் ஒன்று எழுதி முடித்திருக்கிறோம். ஏற்காட்டில் ஒரு பழைய காபி எஸ்டேட் பங்களா. டிசம்பர் 24, நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீட்டுக்கு வந்து, குடிலில் இயேசு பாலனை வைக்கப் பெட்டியைத் திறந்தால் சுரூபம் இல்லை. அப்பாயி (பேரப்பிள்ளைகளுக்கு அப்பாவின் அம்மா) கல்யாணமாகி வந்த காலத்துச் சுரூபம். வீட்டில் மூன்று பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். துப்புத் துலக்குவது ஒரு பேத்தி. முந்தின நாள் ராத்திரி, வீடு வீடாகப் பாடி வருகிற கேரல் கோஷ்டியும் வந்து போயிருக்கிறது. எடுத்தது பெரிய மகன். கையில் எடுத்துப் பார்த்தபோது சுரூபத்தின் கை உடைந்துவிட்டது, அம்மாவுக்குத் தெரியாமல் ஒட்டி வைத்துவிடலாம் என்று பார்த்தார். கொலை, பேய் எதுவும் கிடையாது. தாத்தா பாட்டியிலிருந்து பேரன் வரை சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிற படமாக வரணும்.

படித்தவர்கள் எல்லாரும் பாதியிலேயே பெரிய மகன் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள், அதுதான் முதல் கவலை. அடுத்தது மூடுபனி. ஒரு காட்சியை இரண்டு நாள் எடுத்தால் ஒட்டுமா? கிறிஸ்துமஸ் வாரத்திலேயே எடுப்பதா, தள்ளி எடுப்பதா என்பதும் முடிவாகவில்லை. ஆறு பேர் குழு, ஒரு கேமரா, இரண்டு எல்.இ.டி. பேனல், ஒரு காலர் மைக்.

மஞ்சக்குட்டை எழுதியது:

ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்பதைவிடப் பெரிய ஓட்டை கதையில் நேரக்கணக்குதாங்க. குடிலைப் பிரிப்பது வழக்கமாக ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளை ஒட்டி. அன்றைக்குப் பெட்டிக்குள் போன சுரூபத்தை அடுத்த டிசம்பர் 24 ராத்திரிதான் தேடுகிறார்கள் என்றால் நடுவில் பதினொன்றரை மாதம் இருக்கு. யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம், பேத்தி துப்புத் துலக்க ஒன்றுமே இல்லை. குடில் ஜோடிக்கிற நாளில், 16-ஆம் தேதி என்று வைத்துக்கொள்ளுங்க, எல்லார் கண் முன்னாலும் பெட்டியைத் திறங்க. மாதா, சூசையப்பர், இடையர், ஆடு மாடு எல்லாம் வெளியே வரட்டும். பாலனை மட்டும் அப்பாயி பஞ்சை விலக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளேயே வைக்கணும். ‘தொட்டில் ஏன் காலியா இருக்கு?’ என்று ஒரு குழந்தை கேட்டால் போதும், 24 நள்ளிரவு வரை முன்னணை காலியாகத்தான் இருக்கும் என்ற வழக்கம் தெரியாதவங்களுக்கும் புரிந்துவிடும்.

துப்பைக் குடிலுக்குள்ளேயே வைக்கலாம். புல்லுக்காக நாம் தட்டில் கேழ்வரகு விதைப்போம் இல்லையா, பெட்டியைக் குடிலின் பின்பக்கம் அந்தப் பயிர் மேலேயே வைத்துவிடுங்க. வெளிச்சம் படாமல் மூன்று நான்கு நாள் மூடிக் கிடந்தால் அடியில் இருக்கிற பயிர் வெளிறி மஞ்சளாகிவிடும். 24 ராத்திரி பெட்டியைத் தூக்குகிறார்கள். அடியில் ஒரு ஓரம் மட்டும் பச்சை. எதிர்ப்பக்கம், பெட்டி இருந்த இடத்துக்கு வெளியே, இரண்டு விரற்கடை அகலத்தில் பெட்டியின் ஓரம் மாதிரியே நேர்க்கோடாக ஒரு மஞ்சள் பட்டை. யாரோ பெட்டியை எடுத்து, திரும்ப வைக்கும்போது இடம் பிசகி வைத்திருக்கிறார். வெளிச்சம் பட்டால் மஞ்சள் மறுபடியும் பச்சைக்குத் திரும்பும். இன்னும் திரும்பவில்லை என்றால் எடுத்து அதிக நேரம் ஆகவில்லை. சந்தேகம் 23, 24 இரண்டு நாளுக்குள் வந்துவிடும், அந்த நேரத்தில் வீட்டில் இருந்தவங்க மட்டும்தான் கணக்கு. ஒரு வசனம் வேண்டாம். பேத்தியின் விரல் அந்தக் கோட்டைத் தடவினால் போதும்.

பெரிய மகனை ஏன் கண்டுபிடிக்கிறார்கள் என்றால், அவருக்கு உங்கள் கதையில் வேறு வேலையே கொடுத்திருக்க மாட்டீங்க. சும்மா ஓரமாக நிற்கிற ஆள் மேல்தான் பார்க்கிறவங்க கண் போகும். ஒட்டுகிற வேலையையே அவர் நடமாட்டமாக மாற்றுங்க. பழைய பிளாஸ்டர் சுரூபத்தை ஒட்ட வீட்டில் எடுப்பது அரால்டைட் பசை. இரண்டு டியூப், சம அளவு, தீக்குச்சியால் குழைத்துத் தடவணும். வழக்கமான வகை கெட்டியாக இறுகப் பல மணி நேரம் ஆகும், குளிரில் இன்னும் இழுக்கும். டிசம்பர் ராத்திரியில் ஏற்காட்டுப் பங்களா அறையில் வைத்தால் விடிந்தும் பிசுபிசுவென்றுதான் இருக்கும். அதனால் அவருக்குச் சூடான இடம் வேண்டும், அது விறகடுப்புக்கு மேலே உள்ள பரண். அதிரசமும் அச்சு முறுக்கும் சுடுகிற நேரத்தில், அடுப்படிப் பக்கமே வராத மனுஷன் நாலு தடவை உள்ளே வந்து போகிறார். பலகாரத்துக்கு அலைகிறார் என்று பெண்கள் கேலி செய்யட்டும், பார்க்கிறவங்களும் அப்படித்தான் நினைப்பாங்க. 24 நள்ளிரவுக்குள் அவரால் ஏன் திரும்ப வைக்க முடியவில்லை என்பதற்கும் காரணம் கிடைத்துவிட்டது, பசை இறுகவில்லை. முடிவுக்குக் கொஞ்சம் முன்னாடி ஜன்னல் கட்டையில் ஒரு தீக்குச்சி, மருந்து முனை கருகாமல், மறுமுனையில் தேன் நிறத்தில் இறுகிய ஒரு சொட்டு. அதை அருகில் போய் எடுங்க.

கேரல் கோஷ்டியைச் சந்தேகத்துக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். முகமூடியும் பஞ்சுத் தாடியுமாக வருகிற கிறிஸ்துமஸ் தாத்தா யார் என்று எந்த வீட்டிலும் கேட்பதில்லை, தோளில் சாக்குப்பை வேறு. பாடினவங்க பதினொரு பேர், கழுவப் போட்ட டீ டம்ளர் பன்னிரண்டு என்று ஒரு கணக்கு வைங்க. ஆனால் அந்தப் பன்னிரண்டாவது டம்ளருக்கும் ஒரு நியாயமான காரணம் படத்திலேயே வரணும். கோஷ்டியை ஏற்றி வந்த ஜீப் டிரைவர் குளிருக்கு அடுப்படி வாசலில் நின்று குடித்தார் என்றால் போதும். திசை திருப்ப வைத்த எதையும் விளக்காமல் விட்டால் பார்க்கிறவங்களுக்கு ஏமாற்றின மாதிரி இருக்கும்.

இன்னொன்று. ‘போன்ல போட்டோ எடுத்திருப்பாங்களே’ என்று யாராவது கட்டாயம் கேட்பாங்க. அதையும் கதைக்குள் கொண்டு வாங்க. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த குடில் படத்தில் தெரிவது அனுப்பிய நேரம்தான், எடுத்த நேரம் இல்லை. படமாக அனுப்பினால் அதற்குள் இருக்கும் நேர விவரம் போய்விடும். சிக்னல் இல்லாமல் ராத்திரி எடுத்தது காலையில் போயிருக்கலாம். தப்பான ஆள் மேல் சந்தேகம் விழ இது நல்ல வழி. அனுப்பியவர் போனில் மூலப்படத்தைத் திறந்தால் சரியான நேரம் தெரிந்துவிடும்.

ஐந்துரோடு எழுதியது:

மூடுபனியை நம்பி வெளிக்காட்சியில் வசனம் வைக்காதீங்க. கால் மணி நேரத்தில் வரும், போகும். ஒரே உரையாடலில் இவர் பின்னால் வெள்ளை, அவர் பின்னால் வெயில் என்று ஆகிவிடும். வெளியே அகலக் காட்சிகளை மட்டும் பனி வரும்போதெல்லாம் அள்ளி வையுங்க. பேச்சு முழுக்க உள்ளே, ஜன்னல் ஓரம். ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே ஓரடி தள்ளி வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டினால் எல்லா நாளும் பனி மூடிய மாதிரியே ஒரே வெள்ளை கிடைக்கும். நடிகரை ஜன்னலிலிருந்து மூன்றடிக்குள் உட்கார வையுங்க, அதற்கு மேல் போனால் முகத்தில் வெளிச்சம் சட்டென்று குறைந்துவிடும். அறைக்குள் மெல்லிய புகை வேண்டுமென்றால் சாம்பிராணி போதும். ஃபேனை நிறுத்தி, ஐந்து நிமிடம் பரவ விட்டு எடுக்கணும்.

கேமராவில் விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 விநாடி. நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், விளக்கு மினுங்காமல் இருக்க இதை விட்டு நகராதீங்க. மலிவான சீரியல் பல்பு சில அப்படியும் மினுங்கும், முந்தின நாளே ஒரு நிமிடம் எடுத்து ஓட்டிப் பாருங்க. வொயிட் பேலன்ஸை (கேமராவின் நிறச் சமன்) ஆட்டோவில் விட்டால் குடில் வெளிச்சத்தின் மஞ்சளைக் கேமரா தானே கழுவிவிடும். 4000 கெல்வின் பக்கம் பூட்டி வைத்தால் குடில் வெதுவெதுப்பாகவும் ஜன்னல் நீலமாகவும் நிற்கும். இந்தக் கதைக்கு அதுதான் சரி.

வெளியிலிருந்து அடுப்படிக்குள் கேமராவை நேராகக் கொண்டு போனால் லென்ஸ் வேர்க்கும். துடைக்காதீங்க. ஜிப் கவரில் போட்டு மூடியே உள்ளே கொண்டு போய் அரை மணி நேரம் கழித்துத் திறங்க. பேட்டரியும் குளிரில் சீக்கிரம் இறங்கும், சட்டைப் பைக்குள் வைத்திருங்க.

நட்சத்திரம் தொங்கும் வாசலை வானம் நீலமாக இருக்கும்போது எடுக்கணும். டிசம்பரில் ஆறு மணி வாக்கில் சூரியன் விழும், அதற்கப்புறம் இருபது நிமிடம்தான். ஒன்று, மிஞ்சினால் இரண்டு ஷாட். ஐந்தரைக்கே கேமராவை நிறுத்தித் தயாராக இருங்க.

மெழுகுவர்த்தி ஷாட்டுக்கு ஷாட் குட்டையாகும். முழுசு, முக்கால், அரை என்று மூன்று அளவில் வெட்டி வையுங்க. வைக்கோல் பக்கத்தில் மட்டும் நெருப்பு வேண்டாம், குடிலுக்குள் எல்.இ.டி.தான். ஒலிக்கு: தகரக் கூரை உள்ள அறையைத் தவிருங்க, சொட்டுத் தூறல்கூடப் பறையடிக்கும். ஸ்வெட்டருக்குள் மைக் வைத்தால் கம்பளி உரசும், காலருக்கு வெளியே வைத்துச் சால்வையால் மறையுங்க. ஃப்ரிட்ஜை அணைத்தால் உங்கள் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே போட்டு வையுங்க, கிளம்பும்போது திரும்பப் போட மறக்காது. ஒவ்வொரு அறையிலும் யாரும் அசையாமல் முப்பது விநாடி வெறும் ஒலியையும் பதிவு செய்து வையுங்க.

நாகலூர் எழுதியது:

கிறிஸ்துமஸ் வாரத்தில் வேண்டாம். மேலே அறை கிடைக்காது, மலைப்பாதை நிரம்பி வழியும், பங்குத்தந்தைக்கும் உங்களோடு பேச நேரம் இருக்காது. ஜனவரி 6-க்கு அடுத்த சில நாள் பாருங்க. குடில் சாமான், நட்சத்திரம் எல்லாம் அப்போதுதான் கழற்றியிருப்பார்கள், இரவல் எளிதாகக் கிடைக்கும். பொங்கல் கூட்டம் ஏறும் முன் முடித்துவிடணும். அதுவரை அரபிகா வகைக் காபி அறுவடையும் நடக்கும், செடியில் பச்சையும் சிவப்புமாகப் பழம் இருக்கும். காபிப் பூவைக் காட்டாதீங்க. அது கோடை மழை விழுந்து மார்ச், ஏப்ரலில் பூப்பது, தோட்டம் தெரிந்தவங்க உடனே பிடித்துவிடுவாங்க. சாயங்காலம் களத்தில் காபிக் கொட்டையைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள், மூடுபனிக்கு முன்னால் அது அழகான காட்சி.

எஸ்டேட் உரிமையாளரிடம் எழுத்தில் வாங்குங்க, தேதியும் அறைகளும் குறிப்பிட்டு. எல்லை தாண்டிக் காப்புக்காட்டில் கால் வைத்தால் வனத்துறை அனுமதி தனி. பழைய பங்களாவில் 5 ஆம்ப் பிளக் பாயிண்ட்தான் அதிகம், ஒரு பாயிண்டில் ஆயிரம் வாட்டுக்கு மேல் ஏற்றாதீங்க. சேலத்திலிருந்து வந்தால் கொண்டை ஊசி வளைவு இருபது. நடிகர்களை, அதுவும் குழந்தைகளை, முந்தின நாளே மேலே ஏற்றிவிடுங்க. காலையில் வந்து இறங்கின குழந்தைக்குத் தலைசுற்றல் அடங்கவே மதியம் ஆகிவிடும்.

கோரிமேடு எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஜனவரிக்கே மாற்றிவிடுகிறோம். கேழ்வரகு பற்றி ஒன்று: 16-ஆம் தேதிக் காட்சியும் 24-ஆம் தேதிக் காட்சியும் ஒரே நாளில் எடுக்கிறோம். புல் உயரம் எப்படி மாறும்? மஞ்சள் பட்டைக்குச் சாயம் அடித்துவிடலாமா?

மஞ்சக்குட்டை எழுதியது:

சாயம் வேண்டாங்க, அருகில் போனால் ஒட்டின மாதிரி தெரியும். ஒரே அளவில் மூன்று தட்டு எடுத்துக்கங்க. 24-ஆம் தேதிக் காட்சிக்கு ஒன்றைப் படப்பிடிப்புக்குப் பதினான்கு நாள் முன்னாடி, 16-ஆம் தேதிக் காட்சிக்கு இன்னொன்றை ஐந்தாறு நாள் முன்னாடி விதைங்க. மூன்றாவது தட்டு முதல் தட்டுக்குத் துணை, அதே நாளில் விதைத்தது. விதையை ஒரு ராத்திரி ஊறவைத்து, தண்ணீரை வடித்து ஈரத்துணியில் முளை கட்டி, இரண்டு விரற்கடை மண்ணில் நெருக்கமாகத் தூவணும். தண்ணீரை ஊற்றாமல் தெளிங்க. தேங்கினால் வேர் அழுகிப் பயிர் கொத்தாகச் சாய்ந்துவிடும். சேலத்தில் வளர்த்து மேலே கொண்டு போங்க, ஏற்காட்டுக் குளிரில் முளைக்க நாள் இழுக்கும்.

பயிர் உயரமாக வளர்ந்த தட்டு இரண்டிலும் படப்பிடிப்புக்கு ஐந்து நாள் முன்னாடி அந்தப் பெட்டியையே வைத்து மூடிவிடுங்க. எடைக்கு உள்ளே ஒரு கல் போடுங்க, பெட்டி ஓரம் அழுந்தினால்தான் கோடு கூர்மையாக வரும். நடுவில் தூக்கிப் பார்க்க வேண்டாம். ஷாட்டுக்குச் சற்று முன் தூக்கி, இரண்டு விரற்கடை பச்சைப் பக்கமாக நகர்த்தி வைத்து உடனே கேமராவை ஓட்டுங்க. முதல் தடவை சரியாக வரவில்லை என்றால் துணைத் தட்டு இருக்கு. மலையேற்றும்போது பெட்டியைத் தட்டோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டிக்கங்க, வளைவில் நகர்ந்தால் கோடு கலைந்துவிடும்.