தேயிலைத் தோட்டத்தில் விழுந்த அம்மாவுக்கு ரத்தக்கட்டு, தைலம் தேய்க்கலாமா?

கோத்தகிரி_மகன்:
நேற்று மதியம் கொழுந்து பறிக்கும்போது அம்மா மழை ஈரத்தில் வழுக்கி, கவ்வாத்து வெட்டிய செடியின் கட்டை மேல் விழுந்துவிட்டார். தோல் கிழியவில்லை, ஆனால் இடது தொடையில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போய், நேற்று சிவந்திருந்தது இன்று நாவல்பழ நிறத்துக்கு வந்துவிட்டது. நடக்கிறார், படி ஏறும்போதுதான் முனகுகிறார். பக்கத்து வீட்டு அத்தை விண்டர்கிரீன் தைலம் கொண்டுவந்து, நன்றாக அழுத்தித் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் ரத்தம் கலைந்துவிடும் என்கிறார். எனக்குத் தேய்க்கக் கை வரவில்லை. வயது 58, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். சீக்கிரம் ஆற என்ன செய்யலாம்?

குன்னூர்_நர்ஸ்:
தேய்க்காதீர்கள் தம்பி, தயவுசெய்து. தோலுக்கு அடியில் சின்ன ரத்தக்குழாய்கள் உடைந்து கசிந்த ரத்தம்தான் அது. அழுத்தித் தேய்த்தால், அடைபட ஆரம்பித்த குழாய் மறுபடி திறந்துகொள்ளும். இப்போதே சூடு கொடுத்தால் குழாய் விரிந்து இன்னும் கசியும். முதல் இரண்டு நாள் குளிர்ச்சிதான். ஐஸை நேராக வைக்காமல் துண்டில் சுற்றி, ஒரு தடவைக்கு 10, 15 நிமிடம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. ஃபிரிட்ஜ் இல்லையென்றால் நம் ஊர்க் குழாய்த் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துண்டே போதும், காலையில் அது கையை விறைக்க வைக்கும் இல்லையா. படுக்கும்போது காலுக்கு அடியில் இரண்டு தலையணை. 48 மணி நேரம் ஆனபிறகு அத்தை சொன்ன ஒத்தடத்தை இளஞ்சூட்டில் கொடுங்கள், அப்போது அது நல்லதுதான். வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

இன்னொன்று, கன்றிய இடத்தின் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுவையுங்கள். வீக்கம் கோட்டைத் தாண்டிக்கொண்டே போனாலோ, தொடை கல் மாதிரி இறுகினாலோ, கால் மரத்தாலோ, ஊன்ற முடியாவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரி.

பண்ணைக்காடு_அக்கா:
போன வருடம் மிளகு பறிக்கப் போன என் வீட்டுக்காரர் ஏணியிலிருந்து விழுந்தார், முழங்கைக்கு மேலே இதே மாதிரி. எங்கள் பக்கம் மூசாம்பரம்தான். நாட்டு மருந்துக் கடையில் கருப்புக் கட்டியாகக் கிடைக்கும், வெந்நீரில் குழைத்துப் பற்றுப் போட்டால் காய்ந்து தோலை இழுத்துப் பிடிக்கும். தோல் கிழிந்த இடத்தில் மட்டும் போடக்கூடாது. அவருக்கு 12 நாளில் சரியானது. பற்றால் ஆனதா என்று அடித்துச் சொல்லமாட்டேன், சாதாரண ரத்தக்கட்டு எப்படியும் இரண்டு வாரத்தில் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். நடுவில் பச்சையாகி அப்புறம் மஞ்சளானது, சீழ் வைத்துவிட்டதோ என்று ராத்திரியெல்லாம் தூங்கவில்லை நான். தேங்கிய ரத்தம் கரையும்போது வரும் நிறமாம் அது, பயப்படாதே தம்பி.

ஊட்டி_மருந்துக்கடை:
அம்மா சாப்பிடுவது பிரஷர் மாத்திரை மட்டும்தானா, ரத்தம் உறையாமல் இருக்கவும் ஏதாவது சாப்பிடுகிறாரா? அட்டையை எடுத்துப் பாருங்கள். விண்டர்கிரீன் தைலத்தில் பெரும்பகுதி மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்தது, தோல் வழியாக உள்ளே போகக்கூடியது. நம் மலையில் விளையும் செடி என்பதால் எல்லோரும் தாராளமாகத் தேய்க்கிறார்கள். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வேண்டாம், குழந்தைகளுக்கும் வேண்டாம்.

கோத்தகிரி_மகன்:
அண்ணா, பார்த்தேன். ஆஸ்பிரின் 75 இருக்கிறது, இத்தனை நாள் அதையும் பிரஷர் மாத்திரை என்றே நினைத்திருந்தோம்.

ஊட்டி_மருந்துக்கடை:
ஆஸ்பிரினும் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுப்பதுதான், அதனால்தான் இவ்வளவு கருத்திருக்கலாம். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் இன்றே கேளுங்கள். தைலம் பக்கமே போகவேண்டாம்.

கோத்தகிரி_மகன்:
டாக்டரிடம் பேசினேன், மாத்திரை தொடரட்டும், நாளைக் காலை ஒருமுறை நேரில் காட்டச் சொன்னார். ஈரத்துண்டு மூன்று தடவை வைத்தாயிற்று, பேனாக் கோட்டை இன்னும் தாண்டவில்லை. அத்தையே இப்போது துண்டு பிழிந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார்.