புள்ளடி எதைக் குறிக்கிறது? எண்கோட்டு வரைபைப் படித்த அனுபவங்கள்

ஓய்வுபெற்ற ஆரம்பப்பிரிவு ஆசிரியை, சாவகச்சேரி:

தரம் நான்கில் கற்பித்த காலத்தில், எண்கோட்டின் மேல் புள்ளடிகளை (X குறிகளை) அடுக்கித் தரவுகளைக் காட்டும் வரைபை முதன்முதலாகக் கரும்பலகையில் வரைந்துவிட்டுத் திரும்பியபோது, முன்வரிசையிலிருந்த ஒரு பிள்ளை, "ரீச்சர், எல்லாம் பிழையோ?" என்று கேட்டாள். கொப்பியில் சிவப்பு மையில் விழும் புள்ளடியைத் தவிர வேறொரு புள்ளடியை அவள் அறிந்திருக்கவில்லை. வாக்குச்சீட்டில் இடும் புள்ளடியைச் சொன்னேன். ஒரு புள்ளடி ஒருவருடைய வாக்கு என்று வீட்டுப் பெரியவர்கள் பேசக் கேட்டிருந்தபடியால் அது உடனே பிடிபட்டது.

அது புரட்டாதி மாதம், பனம்பழம் விழும் காலம். பிள்ளைகள் கொண்டுவந்த இருபது பழங்களைப் பிய்த்து, ஒவ்வொன்றிலும் எத்தனை கொட்டை உள்ளது என்று எண்ணினோம். ஒரு கொட்டைப் பழம் 3, இரு கொட்டைப் பழம் 6, முக்கொட்டைப் பழம் 11. எண்கோட்டில் 1, 2, 3 என்று குறித்து, பழம் ஒன்றுக்கு ஒரு புள்ளடியாக மேலே அடுக்கினோம். கையெல்லாம் களி, கரும்பலகையும் மஞ்சளாயிற்று.

வரைவதில் ஒருவருக்கும் சிரமமில்லை, படிக்கும்போதுதான் சிக்கல் தொடங்கியது. மொத்தம் எத்தனை பழம் என்று கேட்டேன். கோட்டின் கீழிருந்த ஒன்றையும் இரண்டையும் மூன்றையும் கூட்டி ஆறு என்றார்கள். மொத்தம் எத்தனை கொட்டை என்று கேட்டபோது, புள்ளடிகளை எண்ணி இருபது என்றார்கள். எத்தனை கொட்டையுள்ள பழம் கூடுதலாகக் கிடைத்தது என்ற கேள்விக்குப் பதினொன்று என்று வந்தது. பதினொரு கொட்டையுள்ள பனம்பழத்தை யார் கண்டது என்று நான் கேட்க, வகுப்பே சிரித்தது. தவறு எங்கே என்பதும் அந்தச் சிரிப்பிலேயே அவர்களுக்கு வெளித்துவிட்டது. கோட்டின் கீழே இருப்பது ஒரு பழத்தில் உள்ள கொட்டைகளின் எண்ணிக்கை, மேலே நிற்பவை பழங்கள். பிறகு அவர்களாகவே 3, 12, 33 என்று பெருக்கிக் கூட்டி 48 கொட்டை என்றார்கள். அன்று முதல் எந்த வரைபைக் காட்டினாலும், கணக்கைக் கேட்பதற்கு முன், "ஒரு புள்ளடி என்றால் என்ன?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

தையற்காரர், கொக்குவில்:

ரீச்சர் எழுதியதைப் படித்தபோது, அமெரிக்காவில் மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் தங்கையின் மகள் வட்ஸ்அப்பில் காட்டிய வீட்டுப்பாடம் நினைவுக்கு வந்தது. அங்கே பல மாநிலங்கள் பின்பற்றும், 2010 இல் வெளியான பாடத்தரங்களின்படி, இரண்டாம் வகுப்பில் முழு அலகிலும் மூன்றாம் வகுப்பில் அரை, கால் அங்குலத்திலும் பொருட்களை அளந்து இந்த வரைபில் இடுகிறார்கள். நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் அது அரைக்கால், அதாவது எட்டில் ஒரு பங்கு, வரை போகிறது. அங்குலக் கணக்கு என்பதால் மாமாவிடம் கேட்கச் சொன்னார்களாம்.

பத்துப் பென்சில்களின் நீளம்: நாலரை அங்குலத்தில் 2, ஐந்தில் 4, ஐந்தேகாலில் 3, ஐந்தரையில் 1. நாலேமுக்காலில் பென்சில் இல்லாததால் மருமகள் அந்த இடத்தையே விட்டுவிட்டு, நாலரைக்குப் பக்கத்தில் ஐந்தை எழுதியிருந்தாள். அளவு நாடாவைக் கமெராவின் முன் பிடித்து, "சட்டை தைக்க ஆள் வராத அளவென்று நாடாவில் அந்தக் கோட்டை அழிக்கலாமோ, பிள்ளை?" என்று கேட்டேன். வெற்றிடமும் ஒரு செய்திதான் என்பதை அவள் அப்படியே விளங்கிக்கொண்டாள்.

அடுத்த கேள்வியில் என் பேச்சுத்தான் அவளைக் குழப்பியது. ஆகக் கூடியதற்கும் ஆகக் குறைந்ததற்கும் வித்தியாசம் என்ன என்று தமிழில் கேட்டேன். அவள் உயரமான அடுக்கின் நான்கிலிருந்து ஒற்றைப் புள்ளடியைக் கழித்து மூன்று என்றாள். ஆக நீளமான பென்சில், ஆகக் கட்டையான பென்சில் என்று கேட்டிருந்தால் ஐந்தரையிலிருந்து நாலரையைக் கழித்து ஓர் அங்குலம் என்று சொல்லியிருப்பாள்.

ஒரு தாய், வேலணை:

என் மகன் சின்னதும் பெரிதுமாகப் புள்ளடி இட்டதில், மூன்று பெரிய புள்ளடிகள் ஆறு சிறியவற்றின் உயரத்துக்கு வந்துவிட்டன. அவனும் எண்ணாமல் உயரத்தைப் பார்த்தே விடை எழுதினான். சதுரக் கோட்டுக் கொப்பியில் பெட்டிக்கு ஒன்றாக இடச் சொன்னேன், சரியாகிவிட்டது. ரீச்சர், அந்த 48 கொட்டைகளை என்ன செய்தீர்கள்?

ஓய்வுபெற்ற ஆசிரியை:

பாத்தியில் போட்டோம், தங்கச்சி. தை மாதம் கிண்டி, கிழங்குகளைச் சென்ரிமீற்றரில் அளந்து புதிய வரைபு கீறும்போது ஒரு வழக்கு எழுந்தது. ஏழு கொட்டைகள் முளைக்கவில்லை. அவற்றுக்குப் பூச்சியத்தின் மேல் புள்ளடி இடவேண்டும் என்று ஒரு பையன் நின்றான். கிழங்கே இல்லாதபோது நீளம் ஏது என்று இன்னொருத்தி மறுத்தாள். ஒரு புள்ளடி என்றால் என்ன என்ற பழைய கேள்வியையே கேட்டேன். ஒரு கிழங்கு என்றார்கள். ஆகவே 41 புள்ளடிகளோடு நிறுத்தினோம். அந்தப் பையன் மட்டும், கொட்டைக்கு ஒரு புள்ளடி என்று வைத்து, 48 புள்ளடிகளோடு தன் கொப்பியில் தனியாக ஒரு வரைபு கீறிக்கொண்டான். அதற்கும் சரி போட்டேன்.